இயக்குநரின் கட்டைவிரல்

அந்தக் கட்டடத்தில் அவளை ‘மறுபடி அக்கா’ என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் வாசல் காவலாளிகூட முழிப்பான். நாட்டின் பழைய செய்தித்தாள்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றும் திட்டத்தில், எடுத்த படம் சரியா என்று பார்ப்பது அவள் வேலை. மேசையில் இரண்டு பொத்தான்கள். பச்சையை அழுத்தினால் பக்கம் தேறியது, சிவப்பை அழுத்தினால் மறுபடி எடுக்க வேண்டும். மூன்று வருடமாக அவள் அழுத்திய அழுத்தில் சிவப்பு வெளுத்தே போய்விட்டது.

“ஓரம் மடங்கியிருக்கு, மறுபடி. நிழல் விழுது, மறுபடி. இது என்ன, உன் விரலா? நாட்டோட சரித்திரத்துல உன் நக அழுக்கையும் சேத்து வைக்கணுமா? மறுபடி!”

தாள் புரட்டுகிறவர்கள் அத்தனை பேரும் அவள் கண்ணுக்குத் தூங்குமூஞ்சிகள். திட்ட இயக்குநருக்கு அந்த மரியாதைகூட இல்லை. அந்த மனிதர் ஒரு பழைய பக்கத்தையாவது படித்துப் பார்த்தவரில்லை. இன்று எத்தனை பக்கம் முடிந்தது என்று கேட்பதோடு அவர் அறிவுப்பசி அடங்கிவிடும். படம் எடுத்த தொகுதிகளையெல்லாம் காகிதக்கூழ் ஆலைக்கு அனுப்பிவிட்டு, அவை இருந்த கூடத்தில் தனக்கொரு கூட்ட அறை கட்டிக்கொண்ட மகானுபாவர். பக்கம் தேறிவிட்டால் தாள் எதற்கு என்று கேட்பார். இந்த மண்ணாங்கட்டியைப் போய் ‘சார்’ என்று கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று உள்ளுக்குள் பொருமுவாள்.

வீட்டிலும் அவள் ராஜ்ஜியம்தான். மாமியார் மடித்த போர்வையில் ஓரம் சேரவில்லை என்றால் உதறிப் போட்டு மறுபடி மடிக்கச் சொல்வாள். மாமியார் மேலும் அவளுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. அந்த அம்மாள் ஐம்பத்திரண்டு வருடமாக ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளி இறுதித் தேர்வில் நாட்டுக்கே முதலாக வந்தாளாம். பேப்பரில் படமும் பெயரும் போட்டார்களாம். மேலே படிக்க விடாமல் அடுத்த மாதமே கல்யாணம் செய்துவைத்துவிட்டார்களாம். சாட்சிக்கு ஒரு துண்டுத் தாள் கிடையாது. பெற்ற மகனே நம்பவில்லை.

“நாட்டுக்கே முதலா வந்தவங்க, ரிமோட்டை எங்க வெச்சீங்கன்னு தெரியலையே!” என்பான் அவன். மருமகள் சிரிப்பாள். மாமியார் மெத்தைக்கடியில் ரிமோட்டைத் தேடுவாள்.

இணையதளம் திறந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மாமியார் குளித்துத் தலைவாரி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மருமகளின் மடிக்கணினி முன்னால் வந்து உட்கார்ந்தாள். தேதியும் பக்கமும் அவளுக்கு மனப்பாடம்.

“அத்தை, இல்லேன்னா மனசு கஷ்டப்படக் கூடாது.”

“நீ தேடும்மா. இல்லேன்னா இனிமே நான் அந்தப் பேச்சே எடுக்கல.”

மூன்றாம் பக்கம் திறந்தது. ‘தேர்வில் நாட்டிலேயே முதலிடம்’ என்ற தலைப்பு தெளிவாக இருந்தது. பள்ளியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, படமும் பெயரும் இருக்க வேண்டிய இடத்தில், தடித்த மோதிரம் போட்ட ஒரு கட்டைவிரல் குந்தியிருந்தது. விரலுக்கு வெளியே தெரிந்தது ஒரு சடை நுனியும் ரிப்பனும் மட்டும்தான்.

மோதிரத்தைப் பார்த்ததும் விரல் யாருடையது என்று மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால், திட்டத்தின் தொடக்க விழா. முதல் படத்தைத் தன் கையால்தான் எடுப்பேன் என்று இயக்குநர் அடம்பிடித்து, கைக்கு வந்த தொகுதியைக் கைக்கு வந்த இடத்தில் விரித்து, பத்திரிகைக்காரர்களைப் பார்த்துப் பல்லிளித்தபடி கேமராவின் கால்மிதியை மிதித்தார். விரல் விழுந்ததை அவள் திரையில் பார்த்தாள். கை சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது.

“எல்லாம் சரியா இருக்கில்ல?” என்று இயக்குநர் திரும்பிக் கேட்டார்.

“இருக்கு சார்,” என்றாள். பச்சையை அழுத்தினாள். கூடம் கைதட்டியது. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவளும் படிக்கவில்லை. அப்புறம் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். அடுத்த வாரமே அந்தத் தொகுதி ஆலைக்குப் போய்விட்டது.

மாமியார் திரையில் சடை நுனியைத் தொட்டுப் பார்த்தாள்.

“யாரு கைம்மா இது?”

“எங்க இயக்குநரோடது, அத்தை.”

“யாரும் பாக்கலையா?”

“நான்தான் பாத்தேன்.”

குளியலறையிலிருந்து மகன் குரல் கொடுத்தான். “என்னம்மா, ரேங்க் கெடச்சுதா?”

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஒரு போர்வைக்கு என்னை எத்தனை தடவை மறுபடி, மறுபடின்னு சொல்லியிருப்ப. அந்த ஆளுகிட்ட ஒரே ஒரு தடவை சொல்ல உனக்கு வாய் வரலையா?”