பதில் தட்டிய தூண்

எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் அத்தா முதலில் ஒரு தூணைத் தேடுவார். விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, காதை ஒட்டி வைத்துக்கொள்வார். தி. நகர் துணிக்கடையில், என் கல்லூரியில், மாமாவின் நிக்காஹ் மண்டபத்தில்கூட. "பாய் தூணுக்கு சலாம் வெக்கிறாருடா" என்று அங்கே யாரோ சிரித்தபோது எனக்குக் கூசியது.

அத்தா கரீமுல்லா தேனாம்பேட்டையில் ஒரு கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். எவ்வளவு சிமெண்டு, மணல், ஜல்லி, தண்ணீர் சேர்ந்தால் ஒரு தூண் எத்தனை மாடியைத் தாங்கும் என்று கலவை வகுக்கும் இடம் அது. அந்தக் கலவையைச் சிறு கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். படித்தது சிவில். தூணில் அவர் என்னதான் கேட்கிறார் என்பதைப் படுக்கையில் விழுந்த பிறகு அவராகவே சொன்னார்.

"அடையாறுல ஒரு அபார்ட்மெண்ட். கார் நிறுத்துற இடத்துல மூலைத் தூணு. அன்னிக்கு நல்ல வெயிலு. மணல்குவியல் மேலாப்புல காஞ்சிருந்துச்சு. மேலேருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துட்டு, தண்ணியக் குறைக்க வேணாம்னுட்டேன். உள்ள முந்தின நாள் மழை அப்படியே இருந்திருக்கு."

அந்த மழையும் கலவையில் சேர்ந்துவிட்டது. தண்ணீர் கூடினால் பலம் குறையும். இருபத்தெட்டாம் நாள் நசுக்கியபோது அந்தத் தூணின் கட்டிகள் தாங்க வேண்டிய எடைக்கு வெகு முன்பே உடைந்தன. "மத்த தூணெல்லாம் நல்லாத்தானே கீது, வுடுங்க பாய்" என்றாராம் கட்டியவர். அத்தா விட்டுவிட்டார்.

"குடியிருக்கிறவங்ககிட்ட சொல்லிடணும்னு ஒவ்வொரு மழைக்கும் போவேன். முதல்ல தட்டிப் பார்ப்பேன். அது திருப்பித் தட்டும்மா."

"எது அத்தா?"

"தூணுதான். உள்ளேருந்து. பயந்து திரும்பிடுவேன். நீ போய்ச் சொல்லிடு, ருக்சார்."

அவர் இறந்து, நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் போனேன். தூறல். கார்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தன. பகலிலும் அங்கே இருட்டு. மூலைத் தூணில் மஞ்சள், குங்குமம். அடியில் கற்பூரம் எரிந்த கரி. கான்கிரீட்டுக்கு யார் இதைச் செய்வார்கள்? என் பையில் பலம் பார்க்கும் சுத்தியல் இருந்தது. அதை எடுக்காமல் ஏன் விரலை மடக்கினேன்? தட்டிவிட்டுக் காதை வைத்தேன்.

ஈரக் குளிர். பிறகு, டொக், டொக். காதில் அல்ல, தாடை எலும்பில் கேட்டது.

"அத்தா?" என்றது என் படித்த வாய்.

சுவரோரம் ஒரு தகரக்கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. காவலாளியின் மனைவி செண்பகம் எட்டிப் பார்த்தாள். தூணை ஒட்டித்தான் அவர்கள் அறை. தூணின் ஒரு முகம் உள்ளே, அவள் தலைமாட்டில்.

"நீயா தட்னே? மழ வந்தா உள்ளேருந்து தட்டு கேக்கும். எங்க மாமியா இந்த ரூம்லதான் செத்துச்சு. அதான் கூப்புடுதுன்னு நானும் திருப்பித் தட்டுவேன்."

அத்தாவைப் பற்றிச் சொன்னேன். பயம் போய் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இன்னாம்மா, இத்தினி வருஷம் ஒரு பாய்க்கா சூடம் கொளுத்திக்கினு இருந்தேன்? சரி, அவரு இன்னாத்துக்கு வந்தாரு?"

"அக்கா, இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க."

"வேற எங்க வெக்கறது? காலு நீட்டவே எடமில்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். தூணிலிருந்து கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"மேல கீறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா தூண ரிப்பேர் பண்ண மொதல்ல எங்க ரூமத்தான் இடிப்பாங்க." கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேலே நான்கு மாடி. ஜன்னல்களுக்குள் துணி காய்கிறது, குக்கர் விசில் அடிக்கிறது. அத்தா அவர்களுக்குச் சொல்ல வேண்டிய சொல்லை இன்னும் யாரும் சொல்லவில்லை. முதல் படியில் கால் வைத்தேன்.

பின்னால், தூணில், இரண்டு தட்டு.

போ என்கிறாளா, போகாதே என்கிறாளா? அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.