தப்பாக விடை சொல்லும் வேலை

யாரிடம் எதைக் கேட்டாலும் சார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். டீ வேண்டுமா என்று கேட்பதைக்கூட வெளியே இருக்கும் மின்கம்பத்தைப் பார்த்துத்தான் கேட்பார். புதிதாக வருகிறவர்கள் மனுஷனுக்குக் கர்வம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் என்னால் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், சரியான விடையைப் படிக்கும்போது மட்டும் அவருடைய இடது புருவம் கொஞ்சம் ஏறுவதைப் பார்த்து, அவர் படித்துக் காட்டிய ஆறு கேள்விக்கும் சரியாகச் சொல்லிவிட்டேன். அதைச் சார் கண்டுபிடித்த நாளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அது அவருக்கு ஒட்டிக்கொண்டது.

கண்ணாடிக்கடையின் மாடியில் இரண்டு அறை, அதுதான் கம்பெனி. பள்ளிக்கூடங்களுக்குப் பரீட்சைத்தாள் தயார் செய்து கொடுப்போம். சார் அதற்கு முன்னால் கணக்கு வாத்தியார். அவர் வகுப்பில் ஒரு பெண் ஒரே ஒரு மார்க்கில் தோற்றுப்போனாள். அந்தத் தாளில் ஒரு கேள்வியே தப்பு. மேலிடத்துக்கு நாலு கடிதம் எழுதிப் பார்த்தார், பதில் இல்லை. வேலையை விட்டுவிட்டு, தானே கேள்வி தயாரிப்பது என்று இறங்கிவிட்டார்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அறையைக் கூட்டவும் உறை ஒட்டவும்தான் எடுத்தார்கள். ஆனால் சாருக்கு ஒரு முறை இருந்தது. நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியை, அந்தப் பாடமே தெரியாத ஒருத்தரிடம் முதலில் படித்துக் காட்டவேண்டும். பத்துக்கு இரண்டோ மூன்றோ குருட்டாம்போக்கில் சரியாகலாம். அதற்கு மேல் போனால் கேள்வியே விடையைக் காட்டிக்கொடுக்கிறது என்று அர்த்தம். அந்தத் தெரியாத ஆள் நான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்பார். அதுதான் நீளமாக இருந்தது சார் என்பேன். புதையல் கிடைத்தவர் மாதிரி சந்தோஷப்பட்டு அந்தக் கேள்வியைக் கிழித்துப்போடுவார்.

"உலகத்துலயே ஃபெயில் ஆகறதுக்குச் சம்பளம் வாங்கற ஒரே ஆள் நீதாம்மா" என்பார் தாள்களை நகலெடுத்துத் தரும் சைக்ளோஸ்டைல் மெஷின்காரர். மையும் மண்ணெண்ணெயும் மணக்கும் அந்த மனிதர் எனக்கு ஃபெயில் மேடம் என்றே பெயர் வைத்திருந்தார்.

நாலாவது வருடம், எங்களுக்கு அறிவியல் கேள்வி எழுதிக்கொண்டிருந்த டீச்சரின் கேள்விகள் வரிசையாகக் கிழிபட ஆரம்பித்தன. பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்று நான் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்படி என்று கேட்டால், சும்மா தோன்றியது சார் என்று தரையைப் பார்ப்பேன். டீச்சர் மாற்றி எழுதினார். மறுபடியும் எழுதினார். மூன்று மாதத்தில் அவருக்குக் கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. கணவர் இல்லை, இரண்டு பெண்கள், இந்த ஒரு சம்பளம்தான்.

ஒரு மத்தியானம் பக்கத்து அறையில் நான் உறை ஒட்டிக்கொண்டிருந்தபோது சார் அவரிடம் மெதுவாகச் சொன்னது கேட்டது. உங்களுக்குப் பழைய கை இல்லை டீச்சர், அடுத்த மாசத்திலிருந்து வேற ஆள் பார்க்கிறேன், மனசுல வெச்சுக்காதீங்க என்றார். டீச்சர் பையின் ஜிப்பை மூடும் சத்தம் வந்தது.

வாயைத் திறந்தால் என் வேலை போய்விடும். தெரியாதவள் என்பதுதானே என் வேலையே. கையில் பசையோடு எழுந்து உள்ளே போனேன்.

"சார், டீச்சர் கேள்வியில தப்பு இல்ல. நான் படிச்சுட்டேன்."

"எதை?"

"அலமாரில இருக்கற புத்தகத்தை. சாப்பாட்டு நேரத்துல. பத்தாவது அறிவியல் வரைக்கும் முடிச்சாச்சு."

சார் குப்பைக்கூடைக்குள் கையை விட்டு, கிழித்துப்போட்ட கேள்வித்துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். ஒரே அறையில் இருக்கும் இரும்பும் மரமும் தொட்டால் இரும்பு மட்டும் ஏன் அதிகமாகச் சில்லிடுகிறது என்பது கேள்வி. இரும்பு நம் கைச்சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது, மரம் அப்படி இழுப்பதில்லை, உண்மையில் இரண்டுக்கும் ஒரே சூடுதான் என்றேன்.

"அடிப்பாவி, இதை மூணு மாசம் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார் டீச்சர். திட்டுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது.

சார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "தப்பு என்னுது, டீச்சர். இவ அதே இடத்துலயே நிப்பான்னு நினைச்சுட்டேன். மன்னிச்சுடுங்க. நீங்க எங்கயும் போக வேண்டாம்."

அந்த வாரமே என்னை டீச்சர் மேசைக்கு மாற்றினார்கள். கேள்வியைப் படித்துக் காட்டச் சார் கீழே கண்ணாடிக்கடைக்காரரிடம் போக ஆரம்பித்தார். அந்த ஆளுக்குப் பத்துக்கு ஒன்றுகூடச் சரியாக வராதாம். இவ்வளவு சுத்தமா யாரும் தோத்ததில்ல என்று மெஷின்காரர் மெச்சிக்கொண்டார். நான் முதன்முதலில் எழுதிய கேள்வியைச் சார் கிழித்துப்போட்டார். நீளமானதுதான் விடை என்று பார்த்தாலே தெரிகிறதாம்.

மூன்று பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த கம்பெனி நாற்பது பள்ளிக்கூடம்வரை போயிற்று. பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறி, எங்கள் கேள்விகள் மொத்தத்தையும் ஒரு பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. சார் வெளியூரில் மகள் வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். டீச்சர் கடைசி நாள்வரை வேலை பார்த்தார். அவருடைய பெண்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். மெஷின்காரர் போன வருடம் காலமானார். நான் அந்தப் பெரிய நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வாரம் நாற்பது அறிவியல் கேள்வி எழுதி அனுப்புகிறேன்.