மஞ்சள் கோட்டுக்குள் நின்ற ஆட்டோக்கள்

புதுப் பெயிண்டின் வாசனை எங்கிருந்தாவது வந்தால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஓசூர்ச் சாலை ஒன்றின் நடுவே நான் குந்தி உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்துவிடும். மூக்குக்குள் மஞ்சள் ஏறும். முட்டி வலிக்கும். ரோஜா ஏற்றிய டெம்போ ஒன்று என்னைத் திட்டுவதுபோல ஹார்ன் அடித்துக்கொண்டு பெங்களூர்ப் பக்கம் பறக்கும்.

எங்கள் லேஅவுட் சாலைக்கு இந்தப் பக்கம். மகளின் பள்ளி அந்தப் பக்கம். நடுவில் பளபளவென்று தார். அதில் கம்பெனி பஸ்கள், கிரானைட் லாரிகள், தேன்கனிக்கோட்டை பஸ், கர்நாடக நம்பர் கார்கள், மூன்று பேரைச் சுமந்த பைக்குகள். முன்பு அங்கே வரிக்குதிரைக் கோடு இருந்தது. சாலையைப் புதிதாகப் போட்டபோது அது தாருக்கு அடியில் போய்விட்டது. கோடு போனது, வேகம் வந்தது.

அந்த வருடம் மகள் ஆறாம் வகுப்புக்குப் போனாள். இனிமேல் தனியாகத்தான் போவேன் என்றாள். வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான். காலையில் அவள் கையைப் பிடித்துச் சாலை தாண்டிவிடுவது என் வேலை. எதிர்ப்பக்கம் நிற்கும் தோழிகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். மனைவிக்கு பிஸ்டன் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை, முதல் ஷிப்ட். அவள் சொன்னது ஒன்றுதான்.

"ரோட்ல கோடு வரட்டும். அங்க வண்டி நிக்கிறத என் கண்ணால பாக்கணும். அப்புறம் தனியா போ."

கோடு கேட்டு மனுக் கொடுத்த ஆபீஸில் "லிஸ்ட்ல இருக்கு சார்" என்றார்கள். அந்த லிஸ்ட் எத்தனை ஊர் சுற்றி வந்ததோ, எங்கள் சாலைக்கு மட்டும் வரவில்லை. மகள் தினமும் என் கையை உதறுவாள், நான் தினமும் பிடிப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். ஒருநாள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே சொன்னார்:

"எங்க கம்பெனி ஷாப்ல மஞ்சக் கோட்டுக்குள்ள ஆளு நடந்தா வண்டி நிக்கணும் அண்ணாச்சி. மேனேஜரே கோட்டத் தாண்டினா நிப்பாட்டிக் கேப்போம். கேட்டத் தாண்டி வெளிய வந்தா நம்ம உசுருக்கு ஒரு கோடு கெடையாது, பாத்தீங்களா?"

"நாமளே போட்டுருவமா?"

"போட்டுருவோம். ஞாயித்துக்கெழம லாரி கம்மி."

போட்டோம். இரண்டு பக்கமும் பழைய டிரம் வைத்து வண்டிகளை ஒதுக்கினோம். மனைவி அளவு டேப்போடு வந்து நின்றாள்.

"இது கோணலா இருக்கு. ரிஜக்ட்."

"தங்கச்சி, இது ரோடு. பிஸ்டன் இல்ல."

"பிஸ்டன் மேல யாரும் நடக்கமாட்டாங்கண்ணா. அழிச்சிட்டுப் போடுங்க."

வெயில் ஏறும்போது வேலை முடிந்தது. சாலையின் குறுக்கே இரண்டு நீளக் கோடுகள். பார்வைக்கு நிறைவாக இருக்கட்டும் என்று இரண்டு முனையையும் குறுக்குக் கோடு போட்டு அடைத்திருந்தார் பக்கத்து வீட்டுக்காரர். அன்றைக்கு அந்த மஞ்சளைப் பார்க்க நான் நாலு முறை காரணமில்லாமல் கடைக்குப் போனேன்.

திங்கள் காலை, புத்தகப் பையோடு மகள் முன்னே, நான் பின்னே. கோட்டுக்குள், சாலை ஓரமாக, மூன்று ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. வீட்டில் தெலுங்கு பேசும் உள்ளூர் டிரைவர் ஒருவர் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"எத்தினி வருசமா ஸ்டாண்டு கேட்டுக்கினு இருந்தோம்ணா. யாரோ புண்ணியவான் கோடு போட்டுக் குடுத்துட்டான்."

"இது நடக்கறவங்களுக்குப் போட்டதுங்க."

"நாலு பக்கமும் அடைச்சு மஞ்சக் கோடு போட்டா, அதுக்குள்ள வண்டி தானேணா நிக்கும்?"

சாயங்காலம் மனைவி பக்கத்து வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, உங்க ஷாப்ல நாலு பக்கம் அடைச்ச மஞ்சக் கட்டம் எதுக்கு?"

அவர் தலையைச் சொறிந்தார். "சரக்கு எறக்கி வைக்க, தங்கச்சி."

தெருவே சிரித்தது. மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நாளைக்கும் நீதான் வருவியா?" என்று என்னைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், மனைவி நேராக ஆட்டோக்காரரிடம் போனாள். பின்னால் நான்.

"நீங்க மறைச்சிட்டு நின்னா எம் பொண்ணு ரோட்ல எறங்கறது லாரிக்காரனுக்குத் தெரியுமா?"

"நாங்க எங்கம்மா போறது? இப்பத்தான் ஜனங்க இங்க வந்து ஏறப் பழகுறாங்க."

"போகச் சொல்லல. கோட்டத் தாண்டி இருபதடி முன்னால நில்லுங்க."

"ஏம்மா, நீங்க போலீஸா?"

"குவாலிட்டி."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வண்டியைக் கிளப்பி முன்னால் நகர்த்தினார். மற்ற இரண்டும் தொடர்ந்தன.

அதற்கப்புறம் நடந்ததை நாங்கள் யாரும் திட்டமிடவில்லை. ஆட்டோ அங்கே நின்றதால் ஆட்கள் அங்கே வந்தார்கள். ஷிப்டுக்குப் போகிறவர்கள், மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள், எல்லோரும் அந்த ஒரே இடத்தில் கும்பலாகச் சாலையைத் தாண்டினார்கள். அத்தனை பேரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு கிரானைட் லாரிகூட மூச்சு விட்டபடி நின்றது. "கோட்ட மதிக்காதவன் கூட்டத்த மதிக்கான், அண்ணாச்சி" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மூன்றாவது வாரம் லிஸ்ட் எங்களை எட்டியது. வந்தவர்கள், இதை யார் போட்டது என்று கேட்டார்கள். தெரியாது என்று ஒரே குரலில் சொன்னோம். எங்கள் கட்டத்துக்குள்ளேயே வெள்ளைப் பட்டைகள் அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு விடுப்பு நாளில் மனைவி அரை மணி நேரம் ஓரமாக நின்று, நிற்கும் வண்டிகளையும் நிற்காத வண்டிகளையும் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, "திங்கக்கெழமலேர்ந்து போகட்டும்" என்றாள். மகளைவிட எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை நான் இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். அதுதான் ஒப்பந்தம். அவள் நாலைந்து பேரோடு கோட்டின் முனையில் நின்றாள். லாரி ஒன்று வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, இரண்டு கையையும் தூக்கி ஆட்டி அதை நிறுத்தப் பார்த்தேன். அவள் திரும்பி என்னிடம் வந்தாள்.

"அப்பா, கைய எறக்கு. நீ ஆட்டினா அவங்க உன்னப் பாக்கறாங்க. என்னத்தானே பாக்கணும்? நீ வீட்டுக்குப் போ, நான் போயிட்டு வரேன்."