தாரா நடந்த புல்

எங்கள் தொழிற்சாலையின் சாப்பாட்டறையில் அப்பிளை வெட்டாமல் தின்கிற தமிழ்ப் பெண் ஒருவர்தான் இருந்தார். மற்றவர்கள் எல்லோரும் வீட்டிலேயே தோல் சீவி, துண்டு போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிப் பெட்டியில் கொண்டுவருவோம். நாங்கள் லண்டன் அக்கா என்று கூப்பிடுகிற அவர் முழுப் பழத்தை எடுத்துச் சட்டையில் இரண்டு தரம் தேய்த்துவிட்டு நறுக்கென்று கடிப்பார். கடிக்கும்போது கண் எங்கள் மேசையில் இராது, எங்கேயோ ஓர் ஆற்றங்கரையில் இருக்கும். அது எந்த ஆறு என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

கனடாவில், ஸ்காபரோவில் சலாட் அடைக்கிற இடம் அது. விடியற்காலையில் பஸ் பிடித்துப் போய், குளிரறைக்குள் இரண்டு கையுறை போட்டுக்கொண்டு நிற்கிற வேலை. விரல் விறைத்துப்போய் வந்து உட்காரும் அந்த அரைமணி நேரத்தில் வாயைத் திறக்காமல் சாப்பிடத்தான் எனக்கு விருப்பம். அவர் விடமாட்டார். இத்தனைக்கும் லண்டன் அக்கா லண்டனில் இருந்தது ஒரு வருடம்கூட இல்லை. ஊரிலிருந்து மாணவர் விசாவில் போய், ஆங்கில வகுப்பொன்றில் சேர்ந்து, பிறகு இங்கே வந்துவிட்டார். அந்த வகுப்பு ஆசிரியை ஒரு சனிக்கிழமை எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிக் கேம்பிரிட்ஜுக்குக் கூட்டிப்போனாராம். காலையில் போய் மாலையில் திரும்பிவிட்டார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு நாளை வைத்து மனுசி எங்களுடைய சாப்பாட்டு நேரத்தை வருடக்கணக்காக ஓட்டினார்.

"கல்லூரிக்கு நடுவிலை ஒரு புல்லு இருக்கு, பாய் விரிச்ச மாதிரி. அதிலை பிள்ளையள் கால் வைக்கேலாது. பெரிய புரொபசர்மார் மட்டும்தான் நடக்கலாம். நான் பாக்க ஒரு தாரா அதுக்குக் குறுக்காலை நடந்துபோச்சுது. ஒருத்தரும் அதை ஏனெண்டு கேக்கேல்லை." அந்தத் தாரா வாத்து புல்லைக் கடந்த பிறகு, ஆற்றங்கரை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அங்கே படிக்கிற பெட்டைகள் தின்ற மாதிரியே தானும் ஓர் அப்பிளைக் கடித்துத் தின்ற கதை வரும். அன்றைக்குப் பிறகு அவர் அப்பிளுக்குக் கத்தி வைத்ததில்லை.

எனக்கு எரியும். வயிறு பற்றி எரியும். ஏனென்றால் ஏ.எல் சோதனையில் எடுபட்டுக் கம்பஸ் கிடைத்தவள் நான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் என் பெயர் கலைப்பீடத்துக்கு வந்திருந்தது. வகுப்புத் தொடங்க முன்னம் சண்டை தொடங்கிவிட்டது. ஊரை விட்டு ஓடி, வன்னி, கொழும்பு என்று அலைந்து, கடைசியில் கனடா. ஒரு விரிவுரை மண்டபத்தின் வாங்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இவரோ ஏ.எல்லுக்கே வராமல் ஓ.எல்லோடு படிப்பை விட்டவர். இவருக்குக் கேம்பிரிட்ஜாம், எனக்குக் குளிரறையாம். எந்த ஊர் நியாயம் இது?

அதனால் அவர் தாராவைத் தொடங்கும்போதெல்லாம் நான் இடையில் புகுந்து, "எனக்குக் கம்பஸ் கிடைச்சதெல்லே, நான்தான் போகேல்லை" என்று செருகிவிடுவேன். லண்டன் அக்காவின் வாய் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தும். பிறகு இன்னும் பெரிதாகக் கடிப்பார். மேசையில் இருக்கிற மற்றப் பெண்கள், "ரெண்டு பேரும் தொடங்கீட்டாளவை" என்று எழும்பித் தேநீர் எடுக்கப் போய்விடுவார்கள்.

தாரா பச்சைப் பொய் என்றுதான் நான் நம்பியிருந்தேன். தம்பியின் மகளுக்கு லண்டனில் கலியாணம் வந்தபோது, கலியாணத்தைவிட எனக்கு அந்தப் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் முக்கியமாக இருந்தது. தம்பியிடம் கேம்பிரிட்ஜுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். "அங்கை என்னக்கா கிடக்கு? பழைய கட்டிடம். வாங்கோ, சவுத்தோலிலை சீலை பாப்பம்" என்றான் தம்பி. "சீலை ஸ்காபரோவிலையும் கிடக்கு. நீ ரெயினைப் பார்" என்றேன்.

போய் இறங்கினால் பரீட்சைக் காலமாம். நாங்கள் போன கல்லூரிக்குள் வெளியாட்களை விடவில்லை. வாசலில் வட்டத் தொப்பி போட்ட ஒருவர் மிகவும் மரியாதையாக "மன்னிக்கவும்" என்றார். இவ்வளவு தூரம் வந்து, இந்த வயதில், மறுபடியும் ஒரு பல்கலைக்கழகம் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறது. அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, ஈரத்தலையோடு ஒரு பெட்டை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். பெரிய கதவுக்குள் இருந்த சின்னக் கதவைத் தள்ளி, தன் வீட்டு அடுப்படிக்குள் போகிற மாதிரி உள்ளே போனாள். அவளைப் பார்த்தும் எரிந்தது. கதவு திரும்பச் சாத்துவதற்குள் நான் எட்டிப் பார்த்தேன். புல் தெரிந்தது. சொன்னது போலவே மட்டமாக, பச்சையாக. அதன் நடுவில், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு தாரா பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடந்துகொண்டிருந்தது. நாசமாய்ப் போன தாரா!

"என்னக்கா, முகம் கறுத்துப்போச்சுது?" என்றான் தம்பி. அவனுக்கு என்னத்தைச் சொல்ல?

கேம்பிரிட்ஜைப் பார்த்துவிட்டு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். திரும்பி வந்த முதல் நாளே லண்டன் அக்கா எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். "தாரா நிண்டதோ?" என்றார். இல்லை என்று சொல்ல நாக்குத் துடித்தது. "நிண்டது" என்றேன். "உள்ளை போனனியோ?" "விடேல்லை. சோதினையாம்." இனிக் கொக்கரிக்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கடித்த அப்பிளை மேசையில் வைத்தார்.

"நான் உள்ளை போய்த்தான் என்ன? அண்டைக்கு முழுக்க எனக்கு ஒரே நினைப்புத்தான். ஆராவது ஒரு பெட்டை என்னைப் பாத்து, நீயும் இங்கையோ படிக்கிறாய் எண்டு கேக்க மாட்டாளோ எண்டு. அதுக்குத்தான் அவளவையைப் போலவே அப்பிளைக் கடிச்சுக்கொண்டு இருந்தனான். ஒருத்தியும் கேக்கேல்லையடி. உனக்கெண்டால் கம்பஸ் கிடைச்சது. நீ அதைச் சொல்லுற ஒவ்வொரு முறையும் எனக்குப் பத்தி எரியும்."

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். இத்தனை வருடமும் எரிந்தது நான் மட்டும் இல்லையே!

லண்டன் அக்கா இப்போது வேலையை விட்டுவிட்டு வடக்கே ஸ்ரௌவ்வில் ஊரில் மகனோடு இருக்கிறார். நான் இன்னும் அதே மேசையில். போன கிழமை புதிதாக ஒரு பெட்டை பகுதிநேர வேலைக்கு வந்தாள். இங்கே பிறந்தவள், யுனிவர்சிற்றி ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, "யுனி சரியான போரிங், அன்ரி" என்று சலித்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. புல்லையும் வட்டத் தொப்பியையும் தாராவையும் எடுத்து அவளுக்குச் சொன்னேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு, "ஓ மை காட், அன்ரி, நீங்க அங்கயா படிச்சீங்க?" என்றாள்.

அன்று பின்னேரமே லண்டன் அக்காவுக்குப் போன் எடுத்தேன். "அக்கா, என்னை ஒருத்தி கேட்டிட்டாள்" என்றேன். எதைக் கேட்டாள் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"என்ன சொன்னனி?"

"இல்லையெண்டன்."

"விசரி! ஓமெண்டு சொல்லியிருக்கலாமேடி!" என்று கத்தினார். பிறகு நறுக்கென்று அப்பிள் கடிபடும் சத்தம் போனுக்குள்ளால் கேட்டது.