கடையில் பாடக்கூடாத பாட்டு

எங்கள் கூத்து ரசிகர் குழுவில் விருதுக்கு ஒருவரை முன்மொழிய வேண்டுமானால், அவர் பாடியதில் நாலு வரியாவது நாமே பாடிக் காட்ட வேண்டும். நேரில் பார்க்காமல், யாரோ செல்போனில் அனுப்பிய வீடியோ துண்டைப் பார்த்துவிட்டு வாய்ச்சவடால் அடிக்க வருகிறவர்களைக் கழித்துக்கட்டத்தான் இந்த ஏற்பாடு. கொண்டுவந்தவன் நான்தான். அதற்காக வாட்ஸப்பில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விருது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பங்குனி தொடங்கி ஆடி வரை சுற்றுவட்டாரத்தில் ஆடியவர்களில் சிறந்த வேஷக்காரர் ஒருவருக்கு ஒரு சால்வை, ஒரு கேடயம். ஆனால் யாருக்கு என்று முடிவாவதற்குள் மண்டை காய்ந்துவிடும். ராஜா வேஷத்துக்கு ஒரு கட்சி, பெண் வேஷத்துக்கு ஒரு கட்சி. கட்டியங்காரனுக்குக் கொடுத்தால் என்ன என்று ஒருவர் வருஷா வருஷம் கேட்பார். சிரிக்க வைக்கிறவனை யார் மதிக்கிறார்கள்? இந்த முறை கீழ்பென்னாத்தூரில் கடலை மண்டி வைத்திருப்பவர், தன் ஊர்ப்பக்கத்து ராஜா வேஷக்காரருக்காகக் கொடி பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் மனதில் வைத்திருந்தது, ஒருத்தர் வாயிலும் வராத ஓர் ஆளை.

கூத்தின் கடைசி நாள் காலையில் படுகளம். ராஜாவை மண்ணில் பெரிதாகப் படுத்த வாக்கில் செய்து வைத்து, அதைச் சுற்றித்தான் கடைசிச் சண்டை. ராஜா விழுந்ததும் ரசிகர்கள் கலைந்துவிடுவோம். விடிய விடியக் கண் விழித்தாயிற்று, வேஷமும் முடிந்தாயிற்று, இனி என்ன இருக்கிறது? என் மனைவியும் என்னோடு வருவாள். "வாங்க போலாம், பால்காரன் வந்துட்டுப் போயிடுவான்" என்று கையைப் பிடித்து இழுப்பாள். அதற்கப்புறம் ராஜாவின் மனைவி வந்து அழுகிற கட்டத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. அதெல்லாம் கூத்தில் சேர்த்தியில்லை என்பது ரசிகர்களின் எண்ணம்.

இந்த வருஷம் இழுக்க ஆள் இல்லை. நின்றேன். அரிதாரம் பாதி கரைந்த முகத்தோடு ஓர் ஆண், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, சடங்கு வழக்கப்படி கையில் துடைப்பத்தோடு வந்தார். மண் உருவத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். மைக் இல்லை, மத்தளம் இல்லை. நான் அழுதேன். அவள் போனதிலிருந்து அன்றைக்குத்தான் அழுதேன்.

அவள் சென்னை ஆஸ்பத்திரியில் போனாள். அங்கேயே மின் மயானம். மகனும் அவன் ஆபீஸ் நண்பர்களும் வந்தார்கள். எல்லாம் சுத்தமாக, சீக்கிரமாக முடிந்தது. வாய்விட்டு ஒருவரும் அழவில்லை. அந்த இடத்தில் அழவும் முடியாது. பிறகு பழைய வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வேங்கிக்காலுக்கு வந்துவிட்டேன். குழுவில் சொல்லவில்லை. தாளம் தப்பியதா இல்லையா என்று அடித்துக்கொள்கிற இடத்தில் இதை எங்கே நுழைப்பது? ஆனால் எனக்கு வேறு யாரும் இல்லை, அவர்கள்தான் இருந்தார்கள்.

கிரிவலத்துக்கு வரும் பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் கூடினோம். மண்டிக்காரர் பெஞ்சில் தாளம் போட்டு ராஜா பாட்டை முழங்கினார். நன்றாகவே பாடினார், பாவி. அடுத்து நான் என் ஆளைச் சொன்னேன்.

"இன்னா சார், படுகளத்துல அழுவறதா? அது சாமி காரியம். அதுக்குப் போயி சால்வையா?" என்றார் மண்டிக்காரர்.

"ராஜா விழறது மட்டும் சாமி காரியம் இல்லியா?"

"அது வேஷம் சார்."

"இதுவும் வேஷம்தாங்க. யாரோ ஒருத்தருக்கு யாரோ ஒருத்தர் அப்படி அழுவறது லேசா?"

என் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. "சரி, ரூல் போட்டது நீங்கதான். பாடுங்க, கேப்போம்" என்றார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியை இழுத்தேன். டீ மாஸ்டர் பாதி ஆற்றிய டீயை அப்படியே வைத்துவிட்டார்.

"சார், சார், நிறுத்துங்க. வியாபாரம் பண்ற எடம். இங்க ஒப்பாரி வெக்காதீங்க."

அவர் சொன்னது சரிதான். சாவு விழாத இடத்தில் யாராவது ஒப்பாரி பாடுவார்களா? ரூல் போடும்போது எனக்கு இது தோன்றவேயில்லை.

"கடைய விடுங்க. எந்த வீட்ல சார் இத பாட விடுவாங்க?" என்றார் மண்டிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டில் பாடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. நானும் சிரித்து வைத்தேன். பாடாததால் என் ஆள் கணக்கில் வரவில்லை. சால்வை ராஜாவுக்கே போனது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தேன். பட்டப்பகல். யாரைக் கேட்க வேண்டும்? பாடினேன். 'கூப்பிட்ட குரலுக்கு வருவியே, குரல் கொடுத்தும் எழலையே' என்று. 'ராசாவே' வருகிற இடத்திலெல்லாம் 'ராசாத்தி' என்று போட்டுக்கொண்டேன். குரல் எங்கெங்கோ போனது.

கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டுப் பெண். குப்பை வண்டி வந்ததா, தண்ணீர் வருகிறதா என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை. கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்திருந்தாள்.

"சார், யாராவது தவறிட்டாங்களா?"

"என் சம்சாரம்மா."

"ஐயோ! எப்ப சார்?"

"போன வருஷம்."

பைத்தியம் என்று நினைத்திருப்பாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அவங்கள நான் பாத்ததே இல்லியே சார்" என்றாள். மிச்சத்தையும் பாடினேன்.

முடிந்ததும் எழுந்தாள். வாசல் வரை போய், துக்கம் கேட்க வந்தவர்கள் போகிறபடி, 'வரேன்' என்று சொல்லாமல் போனாள்.