இடுப்பில் கட்டிய பெட்டி

பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வழி கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் எனக்கு இனிப்பு நினைவுக்கு வருவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில் ஒரு ஆராய்ச்சிக் குழுவில் வேலை பார்த்தேன். தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. இடுப்பில் கட்டினால் ஆள் எவ்வளவு நேரம் நடமாடுகிறார், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்று பதிந்துகொள்ளும். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நெஞ்சு நோவு உள்ளவர்களுக்கு அதைக் கட்டினோம். அடிக்கடி உட்கார வேண்டியிருப்பவர்களுக்கு லேசான வேலை தருவதாக மில்லில் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

கருப்பசாமி என்பவரின் பெட்டி மட்டும் ஷிப்ட் முழுக்க அவர் உட்காரவே இல்லை என்றது. மில்லுக்கு அறிக்கை போன பிறகுதான் எங்கள் டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. மறுபடி கட்டி வரச் சொல்லி என்னை அனுப்பினார்.

காலை ஐந்தரைக்கு மதுரையில் பஸ் ஏறினேன். எண்பத்தைந்து கிலோமீட்டர், எட்டு மணிக்கு ராஜபாளையம். மில் சூப்பர்வைசர் சிரித்தார். "அவன் உக்காராத ஆளுன்னு உங்க பெட்டியே சொல்லுச்சுல்லா? அதான் பழைய வேலையிலயே போட்டோம். பத்து நாளா ஆளக் காணோம்." வாயில் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வந்த வழியிலேயே திரும்பிப் பன்னிரண்டு கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய், அரை மணி நேரம். தேர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கருப்பசாமி சுவரில் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

அவர் மனைவி மாரியம்மாதான் பேசினார். "உக்காந்தா பெட்டி காட்டிக் குடுத்துரும், வேலை போயிரும்னு எல்லாரும் சொன்னாவ சார். அதான் மூச்சு வாங்கும்போதெல்லாம் அதக் கழட்டி ஓடுத மிஷின்ல மாட்டிட்டு, இவிய செத்த நேரம் உக்காந்திருக்காவ."

மிஷின் அதிர அதிரப் பெட்டியும் ஆடியிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. உட்கார்ந்தால்தான் நல்லது என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. மில்லும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது.

"இப்பக் கட்டுங்க சார்," என்றார் கருப்பசாமி. "இப்ப உக்காந்துதான இருக்கேன்? பாத்துட்டு லேசான வேலை குடுப்பாவல்லா?"

போகிறவர்களுக்கு: ராஜபாளையத்திலிருந்து அடிக்கடி பஸ் உண்டு. பால்கோவாவைக் கோயில் பக்கம் அன்றன்று கிண்டுகிற கடையில் வாங்குங்கள், வெயில் ஏறும் முன் ஊர் திரும்புங்கள். இப்போது கையில் கட்டிக்கொண்டு இன்று இவ்வளவு நடந்தேன் என்று படம் போடுகிறீர்களே, அதே ஜாதிக் கருவிதான். அடுத்தவர் உடம்பில் கட்டப் போனால், அது எதற்கு என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

கருப்பசாமிக்கு அன்று கட்டிவிட்டுத்தான் வந்தேன். இந்தத் தடவை பெட்டி உள்ளதை உள்ளபடி சொன்னது. அதை மில்லுக்குக் கொண்டுபோனபோது, சொல்லாமல் நின்றுவிட்டார் என்று அவர் பெயரை அடித்திருந்தார்கள்.