டோறின் எழுதிய பாராட்டுக் கடிதம்

டோறினுக்குக் கடிதம் எழுதுகிற வியாதி இருந்தது. மன்னாரில் பாதிரியார் ஒருவர் நல்ல பிரசங்கம் வைத்தால் மறுநாளே ஆயருக்குப் பாராட்டு எழுதிவிடுவார். அந்தக் கடிதங்களின் பாரம் தாங்காமல் ஆயர் இல்லத்து மேசைக்கு ஐந்தாவது கால் வைத்தார்கள். நான் சொன்னால் நம்புங்கள்.

டோறின் ஒக்லாந்துக்கு வந்து மவுண்ட் ரோஸ்கில்லில் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டில் இமாம் மைதீன் இருந்தார். அவருடைய நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே எனக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது. அந்த நாட்டில் இமாமை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் அரசாங்கம்தான். வெளிநாட்டில் இருக்கிற இமாமுக்கும் பிரசங்கத்தை அரசாங்கமே எழுதி, தூதரகம் வழியாக ஃபாக்ஸில் அனுப்பிவிடும்.

1996ஆம் ஆண்டுப் பெருநாளன்று அயலவர்களையும் மண்டபத்துக்கு அழைத்திருந்தார்கள். மைதீன் ஃபாக்ஸ் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுத் தமிழில் பேசினார். ஆளுகிறவன் ஏழையின் வாசலில் போய் நின்று கேட்க வேண்டும் என்றார். டோறின் கண் கலங்கிவிட்டார்.

அன்று பின்னேரமே தூதுவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

“உம்மட கைக்கு ஒருநாளும் லீவு இல்லையோ?” என்று கேட்டார் கணவர் செபஸ்ரியன்.

“ஆயருக்கு எழுதுற மாதிரித்தானே. மேலிடத்துக்குத் தெரிஞ்சா மனுசனுக்கு ஒரு உயர்வு கிடைக்குமப்பா.”

கடிதத்தில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘எழுதி அனுப்பியதை வாசிக்காமல், மனத்திலிருந்து பேசினார்.’

மூன்றாம் வாரம் மைதீனை நாட்டுக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது. போனால் விசாரணை. போகாவிட்டால் கடவுச்சீட்டு செல்லாது. பிள்ளைகள் இருவரும் இங்கேதான் படித்துக்கொண்டிருந்தார்கள். ‘மறுபடி யோசிக்கலாமா’ என்று இங்குள்ள அரசாங்கம் மரியாதையாகக் கேட்டுப் பார்த்தது. உடனே அந்த நாடு, ஆட்டிறைச்சி வாங்க வரவிருந்த குழுவின் பயணத்தை நிறுத்திவிட்டது. செம்மறிகள்கூட இரண்டு நாள் புல் மேயவில்லை. அதன் பிறகு மைதீனுக்காக எவரும் கேட்கவில்லை.

மேல்முறையீட்டை ரைப் செய்துதரச் சொல்லி மைதீன் டோறினிடமே வந்தார்.

“யாரோ என்னைப் புகழ்ந்து எழுதியிருக்காங்க, அக்கா. பேரை மறைச்சுட்டு தூதரகத்துல காட்டினாங்க. நல்ல மனசுக்காரங்கதான், பாவம். தெரிஞ்சா ரொம்ப வருத்தப்படுவாங்க.”

டோறின் ரைப் மெஷினில் ஒரு தாளைச் செருகினார்.

“ஓம்,” என்றார். பிறகு, “சொல்லுங்கோ தம்பி, நான் ரைப் பண்ணுறன்.”

பதினொரு பக்கம். பதில் வரவில்லை.

மே மாதத்தில் மங்கரே விமான நிலையத்தில் வழியனுப்பினோம். “அவ்வளவு பக்கமும் அடிச்சுக் கொடுத்தீங்க, அக்கா. மறக்கமாட்டேன்,” என்றார் மைதீன்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்த நேரம் கடைசி அழைப்பு வந்துவிட்டது என்று டோறின் இன்றைக்கும் சொல்லுவார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அழைப்பு வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது.